ஆறு கட்டிகளில் என் கட்டைவிரல்

கொங்கிறீற்றுக் கட்டி உடையும் சத்தத்தை ஒருமுறை கேட்டவருக்கு அது காதை விட்டுப் போகாது. முதலில் இயந்திரத்தின் முனகல். பிறகு, உள்ளுக்குள் யாரோ காய்ந்த சுள்ளிகளை ஒவ்வொன்றாக ஒடிப்பதுபோல மெல்லிய நெறிவு. அதன் பின் ஒரு கணம் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமின்மைதான் கொடுமை. அதற்குப் பிறகு வெடிப்பு. சீமெந்துத் தூசி மூக்கில் ஏறும்.

சென்ற மாதம் கிளிநொச்சியில், புதிதாகத் தெருப் போடும் வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் சோதனைக்கூடத்தில் அந்தச் சத்தத்தைத் திரும்பக் கேட்டேன். நான் ஓய்வு பெற்று அதிக நாளில்லை. என்னிடம் வேலை பழகிய ஒருவர் இன்று அங்கே பொறுப்பில் இருக்கிறார். வந்து பார்க்கச் சொல்லி அழைத்திருந்தார். இப்போது எல்லாம் மின்சாரம். அளவு காட்டும் முள் இல்லை, வாசிக்க ஆள் தேவையில்லை. இலக்கம் தானே கடதாசியில் அச்சாகி வருகிறது.

பக்கத்து அறையில் இளைய பொறியியலாளர்களுக்கு ஒரு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. லஞ்சம் பற்றியது. கம்பனியின் சொந்த நாட்டுச் சட்டம் கடுமையாகிவிட்டதாம். இங்கே ஓர் உத்தியோகத்தருக்கு இவர்களுடைய ஆள் எதையாவது கொடுத்தால், அங்கே தலைமைக் கந்தோரில் இருப்பவர் நீதிமன்றம் ஏற வேண்டுமாம். கொடுத்தது தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. தடுக்க என்ன ஒழுங்கு செய்து வைத்திருந்தாய் என்று கேட்பார்களாம். எல்லாரும் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டார்கள். காசு மட்டுமல்ல, பெறுமதியுள்ள எதுவும் லஞ்சம்தான் என்று அதில் இருந்தது. விருந்து, பயணம், உறவினருக்கு வேலை, உறவினருக்குப் படிப்பு.

தர்ஷினி என்றொரு பிள்ளை, போன வருடம்தான் வேலைக்கு வந்தவள், படிவத்தை மடித்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்: "அங்கிள், உங்கட காலத்திலை இந்த வில்லங்கம் ஒண்டும் இருந்திருக்காதுதானே? எல்லாரும் நேர்மையான ஆக்கள் எண்டு அப்பா சொல்லுவார்."

"உங்கட அப்பா என்ன வேலை, பிள்ளை?"

"வாத்தியார்."

"அதுதான்," என்றேன். அவள் சிரித்தாள். நான் சொல்லாமல் வந்துவிட்டதை இங்கே எழுதுகிறேன்.

*

எழுபத்தேழில் வேலைக்குத் தெரிவானேன். ஒரு பெரிய நாடு தன் கம்பனிகள் பிறநாட்டு அதிகாரிகளுக்குக் கொடுப்பதைக் குற்றமாக்கியதும் அதே வருடம்தான் என்று அந்த வகுப்பில் அறிந்தேன். இரண்டு வருடப் பயிற்சி. சங்கிலி பிடித்து அளந்தோம், மட்டம் பார்த்தோம், நுளம்புக்கடி தாங்கினோம். எழுபத்தொன்பதில் கிளிநொச்சிக்கு, குளங்கள் திருத்தும் பகுதிக்கு, தொழில்நுட்ப உத்தியோகத்தனாக அனுப்பினார்கள். அங்கே எனக்குப் பொறியியலாளராக வாய்த்தவர் கனகசபை சேர்.

ஒடிசலான மனிதர். அரைக்கைச் சட்டை. வேலையை ஒப்பந்தம் எடுத்த கொந்தராத்துக்காரரின் தேநீரைத் தொடமாட்டார்; ஜீப்பில் ஒரு போத்தலில் தன் வீட்டுத் தண்ணீரைக் கட்டிக்கொண்டு வருவார். யாரையும் ஏசியதில்லை. பிழை கண்டால், பிழை செய்தவனை அருகே அழைத்து அந்தப் பிழையையே வாசிக்கச் சொல்வார். முரசுமோட்டையில் ஒரு வாய்க்கால் கட்டு. கொந்தராத்துக்காரர் நன்றாகப் பூசி மெழுகியிருந்தார். சேர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, "என்ன சொல்லுது?" என்று அவரிடமே கேட்டார். அவர் தலையைச் சொறிந்தார். "பொள்ளல் எண்டு சொல்லுது. உமக்குக் கேக்கேல்லையோ? இன்னொருக்காத் தட்டட்டோ?" அன்று பின்னேரமே அவர் அதை உடைக்கத் தொடங்கிவிட்டார்.

மணல் குவியலைக் கண்டால் சேர் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பார். உப்புக் கரித்தால் அது கடல் மணல், கொங்கிறீற்றுக்கு ஆகாது; லொறி திரும்பிப் போகும். எங்களையும் வைக்கச் சொல்வார். முதல் வாரம் முழுக்க என் பல்லுக்குள் வன்னியின் ஆறுகள் நெருநெருத்தன.

கட்டி வார்ப்பதில்தான் அவர் மிகக் கடுமை. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். துருசு, அதாவது குளத்து நீரை வயலுக்குத் திறந்துவிடும் மதகு, கட்டும்போது அங்கே கொட்டுகிற அதே கலவையிலிருந்து கொஞ்சம் அள்ளி, ஆறு இரும்பு அச்சுகளில் நிரப்புவோம். அச்சுக்குப் பழைய எஞ்சின் ஒயில் தடவ வேண்டும். மூன்று படையாக, அடுக்கடுக்காக, நிரப்ப வேண்டும். ஒவ்வொரு படைக்கும் கம்பியால் முப்பத்தைந்து குத்து. மேற்புறத்தை மட்டப்படுத்தி, இறுகுமுன்னர் ஆணியால் திகதியும் இடமும் கீற வேண்டும். மூன்றை ஏழாம் நாளும் மூன்றை இருபத்தெட்டாம் நாளும் உடைத்துப் பார்ப்போம். கட்டி தாங்கினால் கட்டடம் தாங்கும் என்பது கணக்கு.

இது எல்லா இடத்திலும் உள்ள முறை. கனகசபை சேரிடம் மட்டும் இருந்த முறை வேறு ஒன்று. ஆணி எழுத்தை எவனும் எழுதுவான் என்பார். ஆகவே, பக்கத்தில் நின்று பார்த்த உத்தியோகத்தன் ஈரக் கட்டியில் தன் வலது கட்டைவிரலை அழுத்தி ரேகை பதிக்க வேண்டும். சீமெந்து விரலைக் கடிக்கும், வெடிப்பு விழும். அந்த வெடிப்பைப் பார்த்தே எங்கள் பகுதி ஆள் என்று கிளிநொச்சிச் சந்தையில் அடையாளம் காண்பார்கள். உடைக்கும்போது ஒருவர் முள்ளை உரக்க வாசிப்பார், மற்றவர் அந்த இடத்திலேயே எழுதுவார். பிறகு எழுதுகிற பேச்சே கிடையாது.

ஐந்து வருடத்தில் எத்தனை கட்டிகளில் விரல் பதித்தேன் என்று தெரியாது. ஆறு கட்டிகளை மட்டும் தெரியும்.

*

எண்பத்து நான்கு. அக்கராயனுக்கு அப்பால் ஒரு சிறு குளம். பெயரை எழுதவில்லை, அங்கே இன்னும் ஆட்கள் வாழ்கிறார்கள். குளத்துக்குக் கீழே மலையகத்திலிருந்து வந்த நாற்பது குடும்பங்களுக்குக் காணி வெட்டிக் கொடுத்திருந்தார்கள். எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டங்களில் அடித்துத் துரத்தப்பட்டு, கையில் அகப்பட்டதோடு வந்து சேர்ந்த சனம். தேயிலை கிள்ளிய கை நெல்லு நாற்றுப் பிடிக்கப் பழகியிருந்தது. குளத்தின் துருசு பழசு. புதிதாகக் கட்ட வெளிநாட்டு உதவி வந்தது. உதவியோடு அந்த நாட்டுக் கம்பனியும் வந்தது.

கம்பனியின் சார்பில் எல்லாவற்றையும் பேசி முடிக்கிறவர் றொபேட். கொழும்புத் தமிழர், வெள்ளைச் சப்பாத்து, எந்நேரமும் ஒரு பகிடி. சேரைப் பற்றி என்னிடம் சொல்வார்: "ஐசே, உங்கட ஆள் மணல் சாப்பிடுறாராமே? சீமெந்தும் சாப்பிட்டால் நாங்கள் ஆளையே துருசா நட்டுவிடலாம்."

கூலிக்குக் கலவை கலந்தவர்கள் அந்தக் காணிக்காரர்களே. தங்கள் வயலுக்கான துருசைத் தாங்களே கட்டுகிறோம் என்ற சந்தோசம் அவர்களுக்கு. அவர்களில் மூத்தவர் ராமையா. மனைவி செல்லம்மா மத்தியானம் எல்லாருக்கும் றொட்டி சுட்டுக் கொண்டுவருவாள். என் தம்பி குகனும் சில நாட்கள் சைக்கிளில் எனக்குச் சாப்பாடு கொண்டுவருவான். அவனுக்குப் பத்தொன்பது வயது. செல்லம்மா அவனைப் பிடித்து உட்கார்த்திவைத்து, "சோறு தூக்குற ஆளுக்கு யாரு சோறு போடுறது?" என்று ஒரு றொட்டியைத் திணிப்பாள்.

அந்தக் காலத்தில் பத்தொன்பது வயது என்பதே ஒரு வியாதி. இராணுவச் சுற்றிவளைப்பில் பிடிபட்டவன் திரும்புவதில்லை. திரும்பினவன் பழைய ஆளாகத் திரும்புவதில்லை. எங்கள் ஒழுங்கையில் மூன்று வீடுகளில் பெடியள் இல்லை. அம்மா, ட்றக் வண்டிச் சத்தம் கேட்டால் குகனைப் பின்வேலிப் பொட்டு இடைவெளியால் துரத்திவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்பை ஊதிக்கொண்டிருப்பா. சாப்பாடு கொண்டுவர அவனை அனுப்பியதே, றோட்டைவிடக் குளக்கட்டு பாதுகாப்பு என்ற எண்ணத்தில்தான்.

மாசி மாதம் சேரைக் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு கிழமைக் கூட்டம். அவர் போன மறுநாள் றொபேட் என்னைத் தன் கொட்டிலுக்குள் கூப்பிட்டார். அன்று பகிடி இல்லை.

"தம்பி என்ன செய்யிறான்?"

"ஏ.எல். சோதினை எடுத்திட்டு நிக்கிறான்."

"நிக்கிறானோ? ஐசே, இந்த நாட்டிலை இப்ப ஒரு பெடியன் நிக்கலாமோ? கம்பனி வருசத்துக்கு இரண்டு பேரைத் தங்கட நாட்டுக்குப் பயிற்சிக்கு எடுக்குது. ஒரு கடிதம். அந்தக் கடிதம் இருந்தால் விசா. நான் பேரை எழுதினால் சரி."

றொபேட் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்தார்.

"காசு தந்து உம்மை அவமதிக்க மாட்டன். உம்மை எனக்குத் தெரியும். இது சகோதர பாசம். நீர் செய்ய வேண்டியது பெரிசா ஒண்டுமில்லை. துருசுக் கொங்கிறீற்றுப் போடுற அண்டைக்கு, கட்டியை நாங்களே எங்கட கொட்டிலுக்கை வார்த்து வைப்பம். நீர் வந்து உம்மட விரலை மட்டும் வையும்."

யோசிக்க ஒரு நாள் கேட்டேன். அன்று வீட்டுக்குப் போனபோது அம்மா குகனின் நீளக் காற்சட்டைகளை வெட்டிக் கட்டையாகத் தைத்துக்கொண்டிருந்தா. கட்டைக் காற்சட்டை போட்டால் வயது குறைவாகத் தெரியுமாம். முழங்காலில் மயிர் அடர்ந்த அந்த நெடுவல் பெடியன் கண்ணாடிக்கு முன் நின்று, "அம்மா, இனி வாயிலை வைக்க ஒரு சூப்பியும் வாங்கித் தாங்கோ," என்றான். அம்மா சிரிக்கவில்லை. நான் அடுத்த நாள் றொபேட்டிடம் ஓம் என்றேன்.

*

கொங்கிறீற்றுப் போட்ட நாள். வெயில் குளத்தின் வெடித்த அடியில் படுத்துக் கிடந்தது. கம்பனி லொறிகள் பூநகரிப் பக்கத்துக் கரையிலிருந்து மணல் ஏற்றி வந்து கொட்டின. கிட்டடி, ஆற்று மணலுக்குப் போவதென்றால் தூரம். சீமெந்தும் சொன்ன அளவில் போகவில்லை. நான் கட்டின்மேல் ஒரு மருத மர நிழலில் நின்றேன்.

ராமையா மண்வெட்டியை நட்டுவிட்டு மேலே ஏறி வந்தார். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். ஈர மணலுக்குள் வெள்ளைச் சிப்பித் துண்டுகள்.

"ஐயா, இது கடல் மணலுங்க. சிப்பி கெடக்கு. மூட்டையும் கொறைச்சுத்தான் அவுக்குறாங்க."

"பரவாயில்லை, ராமையா. அவையளுக்குக் கணக்குத் தெரியும்."

"நீங்க பாத்தா சரிங்க," என்று அவர் இறங்கிப் போனார்.

ராமையாவுக்கு நான் சொன்ன அந்த ஐந்து சொற்களுக்கு இன்றுவரை வேறு சொற்கள் தேடுகிறேன்.

கொட்டிலுக்குள் ஆறு அச்சுகள். நல்ல ஆற்று மணல், நிறையச் சீமெந்து, பச்சைக் கருமையாக மினுங்கும் கலவை. ஒரு விருந்துக்குச் சமைத்ததுபோல இருந்தது. றொபேட் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றார். ஒவ்வொன்றாக விரலை வைத்தேன். ஆறாவது சற்று இறுகிவிட்டிருந்தது; அழுத்த வேண்டியிருந்தது.

*

சேர் திரும்பி வந்தபோது துருசைச் சுற்றி மண் போட்டு மூடியாயிற்று. ஏழாம் நாள் கட்டிகளை நானே உடைத்து எழுதி வைத்திருந்தேன். இருபத்தெட்டாம் நாள், ஒரு திங்கட்கிழமை, அவர் இயந்திரத்தடியில் நின்றார். அவர் வாசிக்க நான் எழுதினேன். முள் ஏறியது. வேண்டிய அளவைத் தாண்டியது. இன்னும் ஏறியது. அவருடைய குரல் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. மூன்று கட்டியும் வெடித்த பிறகு, ஓர் உடைந்த பாதியைக் கையில் எடுத்தார். ஒரு பக்கம் என் ரேகை. மறுபக்கத்தைத் தடவி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"நல்ல கட்டி," என்றார். அவ்வளவுதான். சோதனை முடிவின் பிரதி ஒன்று வழக்கப்படி கம்பனிக்குப் போயிற்று.

மத்தியானம் என்னையும் ஏற்றிக்கொண்டு குளத்துக்குப் போனார். துருசின் மேல்முனை மட்டும் மண்ணுக்கு வெளியே தெரிந்தது. பேனாக்கத்தியால் அதைச் சுரண்டினார். இவ்வளவு எளிதாக அது உதிரும் என்று நானும் நினைத்திருக்கவில்லை. விரலில் ஒட்டியதை நாக்கில் வைத்தார். பிறகு என் கையைப் பிடித்து, சுரண்டியதை என் உள்ளங்கையில் கொட்டினார். சிப்பி.

"வாசியும்," என்றார்.

நான் வாசித்தேன். கடிதம், விசா, குகன், கட்டைக் காற்சட்டை, எல்லாம். அழவில்லை; குரல் வேறு யாருடையதோபோல வந்தது.

அவர் பேனாக்கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டார்.

"பெடியன் எங்கை இப்ப?"

"கொழும்பிலை, சேர். சொந்தக்காரர் வீட்டிலை."

"பறக்கிறது எப்ப?"

"வியாழக்கிழமை."

"இண்டைக்கு நான் எழுதினால் அவங்கள் கடிதத்தைத் திருப்பி எடுப்பாங்கள். என்ன?"

"ஓம், சேர்."

"நீர் எனக்கு ஒரு மகனைப்போல எண்டெல்லாம் நான் சொல்ல மாட்டன். எனக்கு உம்மிலை சரியான வெறுப்பா இருக்கு." போத்தலைத் திறந்து வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "வெள்ளிக்கிழமை எழுதுறன்."

வெள்ளிக்கிழமை கொழும்புக்கு எழுதினார். துருசை உடைத்துத் திரும்பக் கட்ட வேண்டும் என்று. மேற்பார்வைக் குறைவு தன்னுடையது என்று. என் பெயர் அதில் இல்லை. ஆனால் அவர் காத்திருந்த அந்த நான்கு நாட்களில் றொபேட் சும்மா இருக்கவில்லை. சோதனை முடிவின் பிரதியோடு கொழும்புக்குப் போய், கட்டுமானம் ஏற்கப்பட்டது என்ற கடிதத்தை வாங்கிவிட்டார். அங்கே யாருக்கு என்ன கொடுத்தார்களோ, நான் அறியேன். அந்தக் கம்பனியின் நாட்டில் அன்றைக்கு அது குற்றமே இல்லை. தொழிற்செலவென்று வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று வகுப்பில் சொன்னார்கள். சேரின் கடிதத்துக்குப் பதிலாக அவருக்கு இடமாற்றம் வந்தது.

போகுமுன் ஒரு பணிப்புரையைக் கந்தோர்க் கோப்பில் எழுதி வைத்தார்: இந்தக் குளத்தில் அரைவாசிக்கு மேல் தண்ணீர் தேக்கக் கூடாது.

புதிதாக வந்த பொறியியலாளர் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "காணிக்காரர் முழுக் குளம் நிரப்பச் சொல்லி வந்து நிக்கினம். சோதனை முடிவு எல்லாம் பிரமாதமாக் கிடக்கு. பிறகேன் அவர் இப்பிடி எழுதினவர்?"

குகன் போய்ச் சேர்ந்து ஐந்து மாதமாகியிருந்தது. உண்மையைச் சொன்னால் அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த வயதில் பார்த்தால், என் உத்தியோகத்துக்கும் பயந்தேன் என்றுதான் படுகிறது.

"தெரியாது, சேர்," என்றேன்.

*

கார்த்திகையில் மழை மூன்று நாள் விடாமல் கொட்டியது. முழு அளவுக்குத் தேக்கியிருந்த குளம் முட்டியது. நாலாம் நாள் காலை துருசின் ஓரமாகக் கலங்கல் தண்ணீர் கசிகிறது என்று செய்தி வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது கசிவு ஒரு மாட்டின் பருமன். மண் சாக்குகளைக் கொண்டோடினோம். போட்ட சாக்கு போட்ட வேகத்தில் உள்ளே போய் மறைந்தது. மத்தியானத்துக்குச் சற்று முன், கட்டு ஒரு பெருமூச்சு விட்டதுபோல இருந்தது. பிறகு அந்த இடத்தில் கட்டு இல்லை.

சனத்தை மேட்டுக்கு ஏற்றியிருந்தோம். செல்லம்மா கட்டியிருந்த இரண்டு ஆடுகளை அவிழ்க்கத் திரும்பிப் போயிருந்தாள். மறுநாள் பின்னேரம், கீழே இரண்டு மைல் தூரத்தில், முட்பற்றைக்குள் அவளைக் கண்டெடுத்தோம். கயிறு கையில் இருந்தது.

வயல்கள் இருந்த இடத்தில் வெள்ளை மணல் படிந்து கிடந்தது. விசாரணை வைத்தார்கள். அளவுக்கு மீறிய மழை என்று எழுதினார்கள். நானும் கையெழுத்திட்டேன்.

பத்து நாள் கழித்து ராமையா வவுனியாவிலிருந்த ஒரு சொந்தக்காரரிடம் போவதாக அறிந்து, கிளிநொச்சி பஸ் நிலையத்துக்குப் போனேன். ஒரு துணிமூட்டையும் மண்வெட்டியும் வைத்துக்கொண்டு நின்றார். நிவாரணத்துக்கான கடிதத்தை நீட்டினேன். வாங்கி மடித்து மடியில் செருகினார்.

"அங்க போயும் மண்ணுதான் வெட்டணும்," என்றார். "எழுவத்தேழுல வெரட்டுனப்போ அவ எனக்கு முன்னாடி ஓடுனவ. இங்க வந்து ஆட்டுக்காக நின்னுட்டா."

 பஸ் வந்து நின்றது. சனம் முண்டியடித்தது. அவர் முண்டவில்லை.

"அன்னைக்கு சிப்பி கெடக்குன்னு சொன்னேன்ல, ஐயா."

"ஓம், ராமையா."

"நீங்க சரின்னீங்க. நானும் கலந்தேன்." மண்வெட்டியைத் தோளில் மாற்றினார். என் முகத்தைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்தால் நான் பிழைத்திருப்பேன்; அது இல்லை. "சைக்கிள்ல சோறு கொண்டுவருமே, அந்தத் தம்பி. வெளிநாடு போவுதுன்னு றொபேட் ஐயா கொட்டாயில பேசிக்கிட்டாங்க. அவ சாமிக்கு வெளக்கு வச்சா. போய்ச் சேந்துருச்சாய்யா?"

"ஓம். போய்ச் சேந்திட்டான்."

"அப்ப சரிங்க," என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸில் ஏறினார்.